புலியில்லாக் காட்டில் புள்ளிமான்

அந்தமான் காட்டில் ஆண் புள்ளிமான் துணைதேடிக் குரலெழுப்பும்போது அதைக் கேட்பதற்குப் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாயும் இல்லை. இந்தியப் பெருநிலத்தில் அந்தக் குரல் ஆபத்தானது. பிணைமானுக்குத் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் விலங்கு, அதே குரலால் தன்னைத் தின்ன வருவதற்கும் வழிகாட்டிவிடுகிறது. தீவில் அந்த விலையைக் கொடுக்காமலே அது கத்தலாம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கத்திக்கொண்டும் இருக்கிறது.

புள்ளிமான் அந்தமானின் விலங்கு அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் தம் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அந்தமானின் காட்டில் இயல்பாகவே வாழ்ந்த பெரிய பாலூட்டி காட்டுப்பன்றி ஒன்றுதான். அது கிழங்கைத் தோண்டும், உதிர்ந்த பழத்தைத் தின்னும். இளந்தளிரைக் கூட்டங்கூட்டமாக மேயும் குளம்பு விலங்கை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை. துரைமார்கள் 1947இல் கப்பலேறிப் போனார்கள், மான்கள் தங்கிவிட்டன. நீந்தத் தெரிந்தவை ஆதலால் கால்வாய்களைக் கடந்து அடுத்தடுத்த தீவுகளுக்கும் பரவின. போர்ட் பிளேருக்கு எதிரே, முன்னர் ராஸ் தீவு எனப்பட்டு 2018 இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இடத்தில், இடிந்த ஆங்கிலேய மாளிகைகளுக்கு நடுவே அவை சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கின்றன. பார்ப்பவர்களுக்கு அது இராமாயணக் காட்டின் காட்சிபோலத் தோன்றும். காட்டின் தரைமட்டத்தை ஆராய்பவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இல் ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழில், வெளியிலிருந்து வந்த தாவர உண்ணிகள் அந்தமான் தாவரங்களுக்கு என்ன செய்கின்றன என்று எழுதினார். 2016இல் ‘பயலாஜிகல் இன்வேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மானுக்கும் பல்லியினத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. மானுக்கும் பல்லிக்கும் என்ன பகை என்று கேட்கத் தோன்றும். நேரடியாக எதுவும் இல்லை. மான் நாற்றுகளையும் புதர்களையும் தின்கிறது. கீழ்மட்டத் தாவரங்கள் அருகுகின்றன. அந்தத் தண்டுகளையும் இலைகளையும் வாழிடமாகக் கொண்ட பல்லிகளும் ஓணான்களும் அருகுகின்றன. அவற்றுள் சில உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள். நிற்கும் பெருமரங்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றின் இடத்துக்கு நாளை வரவேண்டிய மரம் முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. படகில் போகிறவருக்குக் கரையிலிருந்து பச்சைதான் தெரியும். இந்த அழிவு அவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை.

ஆகவே அந்தமானில் புள்ளிமானை வேட்டையாடலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. எழும்போதெல்லாம் உரையாடல் இரண்டு கூச்சல்களாகப் பிரிந்துவிடுகிறது: உயிர்க்கொலை கூடாது என்பது ஒன்று, தொல்லை விலங்கைச் சுட்டுத்தள்ளு என்பது மற்றொன்று. வேட்டை என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான செயல்கள் அடங்கியிருப்பதை இரு தரப்பும் பார்ப்பதில்லை. வேட்டையில் துணைநிற்பவன் யார், அவனுக்கு வேட்டைக்காரன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்று கேட்டால் அந்த வேறுபாடு தெளிவாகும்.

வட அமெரிக்காவின் எல்க் மான் வேட்டையை எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் அவற்றின் இணைசேர் பருவம் தொடங்குகிறது. முந்நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஆண்மான் பிணைகளைச் சுற்றி வளைத்துக் காவல் காத்துக்கொண்டு, புல்லாங்குழலின் உச்சசுரம்போல் தொடங்கி உறுமலில் முடியும் ஒலியை எழுப்பும். வில் கொண்டு வேட்டையாடுவோர் பெரும்பாலும் இருவராகப் போவார்கள். ஒருவர் அம்பு தொடுத்து முன்னால் மறைந்திருப்பார். தோழர் சற்றுப் பின்னால் இருந்து ஊதுகுழலால் பிணையின் குரலையோ போட்டி ஆணின் குரலையோ எழுப்புவார். மானின் கவனம் குரல் வந்த இடத்தில் பதிந்திருக்கும். இடையில் இருப்பவரை அது காணாது. குரல் கொடுப்பவர் அன்று அம்பு எய்வதில்லை. பல வேளைகளில் மானைக் காண்பதுகூட இல்லை.

அவருடைய உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. வெயில் இன்னும் தணியாத மாதம். இறைச்சி விரைவில் கெடும். அத்தனை பெரிய உடலைத் தனியொருவர் மலையிலிருந்து இறக்க முடியாது. தோலுரித்து, கூறுபோட்டு, முதுகில் கட்டி, பலமுறை ஏறி இறங்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அந்நாட்டின் பல மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றம். தோழர் இல்லையென்றால் அம்பு எய்யக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான். நட்புக்காக ஒருவர் கொடுக்கும் முதுகுவலி, கொன்ற உயிரை வீணாக்காதிருப்பதற்கான பிணையாக அங்கே அமைகிறது. எல்க் வேட்டையில் கொம்புப் பெருமையும் பணச்செருக்கும் இல்லாமல் இல்லை. ஆனாலும் பருவம், உரிமச்சீட்டு, சுமக்கும் கடமை என்ற மூன்று கட்டுகளுக்குள் அது நிற்கிறது.

‘எல்க்’ என்ற பெயர் தமிழ் நிலத்துக்கும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இலங்கையில் கடமானை அப்படித்தான் அழைத்தனர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மிளா எனப்படும் அதே விலங்கு. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மலைக்காடுகளில் நாய்க்கூட்டத்தை ஏவிக் கடமான்களைத் துரத்தி ஓடைகளில் வைத்துக் கத்தியால் குத்திய அனுபவங்களை ஒரு நூலாகவே எழுதி 1850களில் வெளியிட்டார். அந்த வகை நூல்களில் வேட்டை நாய்களுக்குப் பெயர் உண்டு, குணச்சித்திரமும் உண்டு. வழிகாட்டியவர், சுமந்தவர், புதரடித்து விலங்கை எழுப்பியவர் ஆகியோரில் பெரும்பாலோர் ‘ஆட்கள்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றனர். துணை இருந்தது, தோழமை இல்லை.

நீலகிரியிலும் இதே மரபின் மற்றொரு முகம் காணப்பட்டது. 1877இல் அங்கே வேட்டைவிலங்குப் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை கூடாத காலத்தைச் சட்டம் வரையறுக்கத் தொடங்கியது. விலங்கின் இனப்பெருக்கக் காலத்தை மதிக்க வேண்டும் என்ற நல்ல கருத்து அதில் இருந்தது. கூடவே, துப்பாக்கி உரிமம் பெற்ற துரை வேட்டைக்காரர் என்றும் கண்ணி வைத்த மலைவாசி திருடர் என்றும் பிரிக்கும் பழக்கமும் வளர்ந்தது. அந்தமானுக்கு மானைக் கொண்டுபோனவர்கள் இந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள். வேட்டைக்கு விலங்கு இல்லாத இடத்தில் விலங்கை இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அந்த நிலத்துக்குத் தாம் கடன்பட்டவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததற்கு அடையாளம் இல்லை.

ஆனால் அதே தீவுகளில் வேறொரு வேட்டைநெறி வாழ்ந்துகொண்டிருந்தது. ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து 1922இல் வெளியிட்ட ‘அந்தமான் தீவினர்’ நூலில் அது பதிவாகியுள்ளது. பன்றியின் மீது முதலில் தைத்த அம்பு எவருடையதோ அவருக்கே பன்றி உரியது. ஆனால் அந்த உரிமையால் அவர் அதைத் தனியே தின்றுவிட முடியாது; உணவு குடியிருப்பு முழுவதற்கும் பகிரப்படும், நல்ல பகுதிகள் மூத்தோருக்குப் போகும். பருவமெய்தும் இளைஞர் ஆமை, பன்றி முதலிய உணவுகளைக் குறிப்பிட்ட காலம் விலக்கி நோன்பிருந்து, சடங்கின் வழியே ஒவ்வொன்றாக மீண்டும் உண்ணத் தொடங்குவர். உண்பதற்கே ஒரு கல்வி தேவை என்று கருதிய சமூகம் அது. இதை வெறும் பழமை என்று ஒதுக்குவதற்கும் இல்லை. 1858இல் தண்டனைக் குடியேற்றத்தோடு நாய்கள் தீவுக்கு வந்தன. பெரும் அந்தமானியரும் ஓங்கேக்களும் விரைவிலேயே நாயைப் பன்றி வேட்டைக்குத் துணையாகப் பழக்கிக்கொண்டனர். அந்நியத் துணையை ஏற்க அவர்கள் தயங்கவில்லை. மானை மட்டும் ஜாரவாக்கள் தம் இரைவிலங்குகளுள் சேர்க்காமலே விட்டுவிட்டனர் என்பது அவர்களைப் பற்றிய எழுத்துகளில் தொடர்ந்து குறிப்பிடப்படும் செய்தி. அருகிலேயே பெருகும் இறைச்சியை ஒரு வேட்டைச் சமூகம் உணவாகக் கருதவில்லை என்பது மானிடவியல் மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

சட்டம் இந்த வேறுபாடுகளை எப்படிக் காண்கிறது என்பதுதான் இன்றைய சிக்கலின் மையம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிக்கோபார்த் தீவுகளின் பட்டியல் பழங்குடியினருக்கு 1967 ஏப்ரல் 28ஆம் நாளைய அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையைத் தன் 65ஆம் பிரிவில் காப்பாற்றித் தருகிறது. ஒரு குறிப்பிட்ட தீவுக்கூட்டத்தின் வாழ்முறைக்கு நாடு தழுவிய சட்டம் இடம்விட்ட அரிய சான்று அது. ஆனால் அதே சட்டம் புள்ளிமானைப் பொறுத்தவரை தீவையும் பெருநிலத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதுமலையில் காக்கப்பட வேண்டிய மான் மாயாபந்தரிலும் அதே அளவு காக்கப்பட வேண்டியது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாய்ப்பைத் தந்திருக்கக்கூடும். ஊடுருவும் அயல் உயிரினங்கள் என்ற வகையை அது முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கும் வந்தது. ஆனால் அந்த வரையறை ‘இந்தியாவுக்கு உரியதல்லாத’ உயிரினத்தையே அயல் உயிரினம் என்கிறது. புள்ளிமான் இந்தியாவுக்கு உரியது. எனவே அந்தமானில் அது சட்டப்படி அயலானாக முடியாது. நிலவியலும் உயிரியலும் அந்தமானை அரக்கான் மலைத்தொடரோடும் மியன்மரோடும் இணைத்துக் காண்கின்றன. சட்டமோ அதைக் கங்கைச் சமவெளியின் நீட்சியாகப் பார்க்கிறது. நாட்டின் எல்லைக்கோடு உயிரினத்தின் எல்லைக்கோடு ஆகிவிட்ட விந்தை இது. இது வரைவுப் பிழையா, தீவுகளை எண்ணிப் பாராமையா என்று வாதிடலாம், விளைவு ஒன்றே.

எஞ்சியுள்ள வழிகளும் குறுகலானவை. 12ஆம் பிரிவு அறிவியல் மேலாண்மைக்கு இடம் தருகிறது. ஆனால் கொல்லாமலும் நஞ்சிடாமலும் எண்ணிக்கையை ஒழுங்குபடுத்துவதற்கு மட்டுமே. 11ஆம் பிரிவு, மனித உயிருக்கோ பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கைப் பற்றியது; காட்டின் நாற்று எவருடைய உடைமையும் அன்று. 62ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு ஓர் இனத்தைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என அறிவிக்கலாம். பீகாரில் நீலான், உத்தராகண்டில் காட்டுப்பன்றி, இமாச்சலப் பிரதேசத்தில் குரங்கு ஆகியவற்றுக்கு 2015–16 காலத்தில் அப்படி அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தவுடன் எவரும், எதையும், எப்படியும் கொல்லலாம் என்ற நிலைதான் ஏற்படுகிறது. பருவமில்லை, சுமக்கும் கடமையில்லை, பங்கீடும் இல்லை. முழுத் தடை, முழுக் கட்டவிழ்ப்பு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது நிலையைச் சட்டம் கற்பனை செய்யவில்லை.

இதற்கிடையில் வேட்டை நின்றுவிடவில்லை, தலைமறைவாகிவிட்டது. கண்ணி வைப்பதும், நாயேவிப் பிடிப்பதும், கறியை இரகசியமாக விற்பதும் நடக்கின்றன. கண்ணிக்கு ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது. மானுக்கு வைத்ததில் பன்றி விழும். திருட்டு வேட்டைக்காரர்கள் ஜாரவா காப்பகத்துக்குள் புகுவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அங்கே அவர்கள் எடுத்துச்செல்லும் பன்றி, கடைக்குப் போய் வேறு உணவு வாங்க முடியாத ஒரு மக்களின் உணவு. மானைக் கொல்லக் கூடாது என்று சட்டம் சொல்வதால் மான் காப்பாற்றப்படுகிறதோ இல்லையோ, பன்றியும் ஜாரவாக்களும் காப்பாற்றப்படவில்லை.

கொல்லாமலே குறைக்க முடியாதா என்ற எதிர்க்கேள்வி நேர்மையானது. அந்த மான்கள் தாமாக வந்தவை அல்ல. மனிதர் செய்த தவறுக்கு அவை உயிர்விலை கொடுப்பது அறமா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. எனினும் மாற்று வழிகளின் இயல்பையும் சொல்ல வேண்டும். பிடித்து இடம்மாற்றும்போது புள்ளிமான் அதிர்ச்சியிலேயே இறந்துபோகும் தன்மையுடையது. கடல்வழியாகப் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்வதோ பெரும்பாடு. கருத்தடை மருந்து, அடர்காட்டில் ஒவ்வொரு பிணைமானையும் தேடித் திரும்பத் திரும்ப ஊசியெய்ய வேண்டிய வேலை. ராஸ் போன்ற சின்னஞ்சிறு தீவில் முயலலாம். வட அந்தமானின் காட்டில் அது காகிதத் திட்டமாகவே இருக்கும்.

கொல்வதாயின் எதைக் கொல்வது? எல்க் மானுக்குரிய குறுகிய பருவம் புள்ளிமானுக்கு இல்லை. ஆண்மான்கள் எல்லாம் ஒரே காலத்தில் கொம்பு உதிர்த்து ஒரே காலத்தில் வளர்ப்பதில்லை. ஒரு கூட்டத்திலேயே ஒன்று கெட்டிக்கொம்போடும் மற்றொன்று மென்தோல் போர்த்த கொம்போடும் நிற்கும். குட்டிகள் ஆண்டின் எல்லா மாதங்களிலும் பிறக்கக்கூடும், சில மாதங்களில் மிகுதியாக. எல்க்கைப்போல் அந்தப்புரம் அமைத்துக் காவலிருப்பதும் இல்லை. பக்குவமான பிணையைத் தேடி ஆண்மான் கூட்டம்விட்டுக் கூட்டம் போகிறது. இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. கத்துகிற ஆண்மானைக் குரல்தேடிச் சுடுவது எளிது. வேட்டைக்காரருக்கு அழகான கொம்பும் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை குறையாது. விழுந்த ஆணின் இடத்தை அடுத்த ஆண் அன்றே நிரப்பிவிடும். குறைய வேண்டுமானால் பிணைமான்களைச் சுட வேண்டும். அதில் கொம்பும் இல்லை, பெருமையும் இல்லை. பல வேளைகளில் வயிற்றில் குட்டி இருக்கும். அமெரிக்க மாநிலங்கள் கொம்பில்லா மானுக்குத் தனி உரிமச்சீட்டு வழங்குவது இந்தக் கணக்கினால்தான். பொழுதுபோக்கு வேட்டைக்காரர் விரும்பாத வேலையே இங்கு தேவையான வேலை. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு வேட்டைச் சுற்றுலா நடத்தலாம் என்று அவ்வப்போது எழும் யோசனை, மானை முதலில் கொண்டுவந்த அதே மனப்பான்மையின் மறுபதிப்பு.

ஹவாய்த் தீவுகள் இதற்குச் சான்று. இந்தியாவின் இதே புள்ளிமான் 1867இல் ஹாங்காங்கிலிருந்து ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, மறு ஆண்டில் மொலோகாய்த் தீவில் விடப்பட்டது. பின்னர் லானாய், மாவி தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டது. 2021இல் மாவி வட்டாரத்தில் மான்களுக்காக ஆளுநர் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. அங்கே மான்கறி உணவாகவும் வருவாயாகவும் மாறிவிட்டது. அதனால் முழுமையாக ஒழிப்பதை விரும்பாத ஒரு தரப்பும் உருவாகிவிட்டது. 2009இல் வேட்டை ஆர்வலர் சிலர் மாவியிலிருந்து நான்கு மான்களை ஹெலிகாப்டரில் ஏற்றி ஹவாய்ப் பெருந்தீவில் இறக்கினர். பதிலுக்கு அங்கிருந்து காட்டுச் செம்மறிகள் மாவிக்குப் போயின. நண்பர்களுக்குள் ஒரு பண்டமாற்று. பின்னர் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அந்த மான்களைத் தேடியழிக்க அரசு நெடுநாள் உழைக்க வேண்டியதாயிற்று. வேட்டைத் தோழமை நிலத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த அனுபவத்திலிருந்து அந்தமானுக்குச் சிலவற்றைத் துணிந்து சொல்லலாம். கறியை விற்பனைப் பொருளாக்கக் கூடாது; ஆக்கினால் மானைக் காப்பாற்ற ஒரு சந்தை எழும். கிராமங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வேலையைச் செய்பவர்கள் வனத்துறையின் கணக்குக்கு உட்பட்ட, கூலி பெறும் குழுவினராக இருக்க வேண்டும். தீவில் அதற்கு ஆள் இல்லாமலில்லை. 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பக்கம் வெபியில் குடியமர்ந்த கரேன் மக்களுக்குக் காட்டறிவு மரபாகவே உண்டு. சோட்டாநாக்பூரிலிருந்து காடுவேலைக்கு அழைத்துவரப்பட்டு இன்றும் ‘ராஞ்சி’ என்று ஊர்ப்பெயராலேயே அழைக்கப்படுவோர் சாலையும் பாதையும் அமைத்தே அந்தக் காட்டை அறிந்தவர்கள். காலனியக் காலத்தில் பெயரின்றிச் சுமந்த ‘ஆட்கள்’ வரிசையில் இவர்களை மீண்டும் நிறுத்திவிடக் கூடாது. எங்கே சுடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அவையில் அவர்களுக்கு இடம் வேண்டும். ஜாரவா காப்பகத்தை இத்திட்டத்திலிருந்து முற்றிலும் விலக்க வேண்டும். அவர்களை மான்கொல்லும் பணியாளராக்கும் எண்ணம் தலைகாட்டினாலே எதிர்க்க வேண்டியது; 1956ஆம் ஆண்டின் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதற்கு இடம் தராது.

இத்தனைக்கும் முன்னால் மாற வேண்டியது வரையறையில் உள்ள ஒரு தொடர். ‘இந்தியாவுக்கு உரியதல்லாத’ என்பதோடு ‘அல்லது அந்தத் தீவுக்கு இயல்பாக உரியதல்லாத’ என்று சேர்த்தாலே அந்தமானின் புள்ளிமானைப் பற்றி அதிகாரிகள் சட்டத்துக்கு உட்பட்டுப் பேசத் தொடங்கலாம். 1962 வாக்கில் நொடித்துப்போன ஒரு மரவணிக நிறுவனம் இன்டர்வியூ தீவில் விட்டுச்சென்ற யானைகளைப் பற்றியும் அதே மூச்சில் பேசலாம். இலட்சத்தீவுக்கும் அது பொருந்தும். நாடாளுமன்றக் குழுக்கள் மசோதாக்களின்மீது கருத்துக் கேட்கும்போது எழுதி அனுப்புவதற்கு ஆய்வாளர்களுக்குத் தடையேதும் இல்லை. அடுத்த திருத்தம் வரும்வரை ராஸ் தீவில் மானுக்குத் தீனி கொடுப்பதை நிறுத்துவதற்கோ எந்தச் சட்டமும் மாற வேண்டியதில்லை; படகுத்துறையில் ஓர் அறிவிப்புப் பலகையும், அதை மதிக்கச் சொல்லும் ஒரு காவலரும் போதும்.